தீமோர் லெஸ்தே: ஆசியான் வாசலில் 14 ஆண்டுகள்

2025 அக்டோபர் 26 அன்று கோலாலம்பூரில் என்ன நடந்தது என்று நம் ஆட்களிடம் கேட்டால், டிரம்ப் விமான நிலையத்தில் இறங்கியதும் போட்ட ஆட்டத்தைத்தான் முதலில் சொல்வார்கள். எங்கள் வாட்ஸப் குழுக்களில் அந்த வீடியோதான் சுற்றிச் சுற்றி வந்தது. அது ஓய்ந்தால் எந்தச் சாலையை மூடியிருக்கிறார்கள், கேஎல்சிசி பக்கம் தலை காட்டலாமா என்ற புலம்பல். அதே நாளில், அதே கேஎல்சிசி மாநாட்டு மையத்தில், பத்துக் கொடிகளோடு பதினொன்றாவதாக ஒரு கொடி சேர்ந்தது. தீமோர் லெஸ்தே, அதாவது நாம் பழைய செய்திகளில் கேட்ட கிழக்குத் தீமோர், தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் உறுப்பினரானது. 1999இல் கம்போடியா சேர்ந்ததற்குப் பிறகு 26 ஆண்டுகளில் ஒரு புதிய நாடு உள்ளே வந்தது இதுதான் முதல் தடவை.

பிரிக்பீல்ட்ஸில் சாயங்காலம் தே தாரிக்கோடு கூடும் எங்கள் மேசையில் இதைக் கவனித்த ஒரே ஆள், ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணன். 2006இல் தீமோரின் தலைநகர் டிலியில் கலவரம் வெடித்தபோது மலேசியா அனுப்பிய படையோடு போனவர். “ஏன் தம்பி, அந்த நாட்டுல மொத்தமே 13, 14 லட்சம் பேர். நம்ம சிலாங்கூர்ல கால்வாசிகூட வராது. அதைச் சேர்த்துக்க இவங்களுக்கு 14 வருஷமா?” என்றார்.

நியாயமான கேள்வி. 2011 மார்ச் 4 அன்று விண்ணப்பம் கொடுத்த நாட்டுக்கு 2025 அக்டோபரில்தான் கையெழுத்து. இடையில் நடந்ததைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால், ஒரு வட்டாரக் கூட்டமைப்பு தன் அண்டை நாட்டோடு எப்படி உறவு வளர்க்கிறது, எங்கே இழுத்தடிக்கிறது, எதற்கு அசைகிறது என்பதெல்லாம் நன்றாகவே தெரிகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தீமோர் தேறிவிட்டது என்பதால் கதவு திறக்கவில்லை, மறுப்புச் சொல்ல உள்ளே யாரும் மிச்சமில்லை என்ற நிலை வந்ததால் திறந்தது. தகுதி, திறன் என்ற பேச்செல்லாம் அந்த நிலை வரும்வரை நாசூக்காக நேரம் கடத்த உதவியது.

அதற்கு முன்னால் இருந்த கசப்பு

1975இல் போர்ச்சுகல் கைவிட்டுப் போன அந்தப் பாதித் தீவில் நவம்பர் 28 அன்று விடுதலை அறிவித்தார்கள். ஒன்பதே நாளில், டிசம்பர் 7 அன்று, இந்தோனேசியப் படை உள்ளே இறங்கியது. ஐநா பொதுச் சபையில் அதைக் கண்டித்துத் தீர்மானம் வந்தபோது ஆசியான் நாடுகள் ஜகார்த்தாவின் பக்கம் நின்றன. சிங்கப்பூர் மட்டும் வாக்களிக்காமல் ஒதுங்கியது, அதற்கே இந்தோனேசியாவுக்குக் கோபம். பிறகு ஏறக்குறைய கால் நூற்றாண்டு, “அது இந்தோனேசியாவின் உள்விவகாரம்” என்பதுதான் ஆசியானின் ஒரே பாட்டு.

நம் ஊரே இதற்குச் சாட்சி. 1996 நவம்பரில் கிழக்குத் தீமோரைப் பற்றி ஒரு மாநாட்டைத் தன்னார்வலர்கள் கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில் கூட்டினார்கள். அமைதியாகப் பேசிவிட்டுக் கலைந்து போயிருக்க வேண்டிய கூட்டம். ஆளும் கூட்டணியின் இளைஞர் பிரிவினர் கும்பலாக உள்ளே புகுந்து நாற்காலிகளைத் தள்ளி, கத்தி, நடத்தவிடாமல் செய்தார்கள். போலீஸ் வந்து கூட்டம் நடத்தியவர்களைப் பிடித்துக்கொண்டு போனது, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை நாடு கடத்தினார்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான் கிழக்குத் தீமோர் மக்களுக்காகக் குரல் கொடுத்த பிஷப் பெலோவுக்கும் ஜோஸே ராமோஸ் ஹோர்த்தாவுக்கும் அமைதிக்கான நோபல் பரிசு அறிவித்திருந்தார்கள் என்பதை இதோடு சேர்த்துப் படிக்கவும். அப்போது துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம். 2025இல் ஆசியான் தலைவராக அதே நகரத்தில் தீமோரை வரவேற்றதும் அவரே. குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆசியானில் ஒரு நாட்டின் நிலைப்பாடு கொள்கையிலிருந்து வருவதைவிட, பெரிய பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறாரா இல்லையா என்பதிலிருந்துதான் அதிகம் வருகிறது.

1999 ஆகஸ்ட் 30 வாக்கெடுப்பில் 78.5 விழுக்காட்டினர் பிரிந்து போக வாக்களித்தார்கள். ஆயுதக் குழுக்கள் டிலியை எரித்தன. அமைதிப்படைக்குத் தலைமை ஏற்றது ஆஸ்திரேலியா. தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை தனித்தனியாக ஆள் அனுப்பின, படையின் துணைத் தளபதிகூடத் தாய்லாந்துக்காரர். ஆனால் ஆசியான் என்ற அமைப்பாக எதுவும் செய்யவில்லை. கவனித்தால், உறவு அங்கேதான் தொடங்குகிறது: அமைப்பு வாய் மூடி இருக்க, உறுப்பினர்கள் ஆளுக்கொரு பக்கமாகப் போய் நிற்கிறார்கள்.

2002 மே 20 அன்று விடுதலை. விழாவுக்கு இந்தோனேசிய அதிபர் மேகவதியே வந்தார். பழைய பகையை வளர்க்காமல் ஜகார்த்தாவோடு ஒட்டிக்கொள்வது என்று டிலி எடுத்த முடிவுதான் இந்தக் கதையில் மிகப் பெரிய காய் நகர்த்தல் என்பேன். அதற்கு உள்நாட்டில் விலை கொடுத்தார்கள். 1999 கொடுமைகளுக்குப் பொறுப்பான ராணுவத் தளபதிகள் மீது பன்னாட்டு நீதிமன்றம் கேட்டு வற்புறுத்தவில்லை, பாதிக்கப்பட்ட குடும்பங்கள் இன்றைக்கும் அந்த வருத்தத்தில் இருக்கின்றன. பின்னாளில் ஆசியானுக்குள் டிலிக்காக அதிகம் வாதாடிய நாடு இந்தோனேசியாதான்.

படிக்கட்டு

ஆசியான் அண்டை நாடுகளைச் சேர்த்துக்கொள்ள வைத்திருக்கும் கருவி பணமும் அல்ல, படையும் அல்ல, கூட்டம். முதலில் ஒரு மூலையில் உட்கார வைப்பார்கள். பிறகு வட்டாரப் பாதுகாப்பு மன்றம். அப்புறம் 1976இல் பாலியில் கையெழுத்தான நட்புறவு ஒப்பந்தத்தில் சேர வேண்டும்: ஒருவர் விவகாரத்தில் ஒருவர் தலையிடக் கூடாது, சண்டையைப் பேசித் தீர்க்க வேண்டும், அவ்வளவுதான். வெறும் வாய்ச்சொல்போலத் தெரியும், ஆனால் பெரிய நாடுகளையே இந்தத் தாளில் கையெழுத்துப் போட வைத்திருக்கிறார்கள். 2005 டிசம்பரில் கிழக்காசிய உச்சி மாநாடு முதன்முதலாகக் கோலாலம்பூரில் நடந்தது. ஆஸ்திரேலியாவுக்கு அதில் நாற்காலி வேண்டும், ஆனால் அமெரிக்காவோடு உள்ள ராணுவக் கூட்டணிக்கு இடைஞ்சல் என்று இந்த ஒப்பந்தத்தைத் தள்ளிக்கொண்டே வந்தது. கையெழுத்து இல்லாவிட்டால் நாற்காலி இல்லை என்றார்கள். மாநாட்டுக்கு நாலு நாள் முன்னால் ஆஸ்திரேலியா கையெழுத்துப் போட்டது. இந்தியா, சீனா இரண்டுமே 2003இல் போட்டன. இந்தியா 1992இல் துறைவாரிப் பங்காளி, 1995இல் முழுப் பேச்சுவார்த்தைப் பங்காளி, 2012இல் வியூகப் பங்காளி, 2022இல் அதற்கும் மேலே ஒரு பட்டம் என்று ஏறி வந்ததும் இதே படிக்கட்டில்தான்.

தீமோரும் ஏறியது. 2005இல் பாதுகாப்பு மன்றம். 2007 ஜனவரியில் பிலிப்பைன்ஸின் செபுவில் நட்புறவு ஒப்பந்தம். அதற்கு முந்தின ஆண்டுதான் நாடே பிளந்துகொள்ளும் நிலைக்குப் போனது. ஏறக்குறைய 600 ராணுவ வீரர்களைப் பாகுபாடு குறித்துப் புகார் சொல்லி வெளிநடப்புச் செய்ததற்காக நீக்கினார்கள், போலீஸும் ராணுவமும் சுட்டுக்கொண்டன, தலைநகரில் வீடுகள் எரிந்தன. நம் அண்ணன் போனது இதற்குத்தான். அவர் சொன்ன ஒரு விஷயம் எந்த அறிக்கையிலும் நான் பார்க்காதது. “ஆஸ்திரேலியாக்காரன் துபாஷி இல்லாம ஒரு வார்த்தை பேச முடியாம நிப்பான். நாங்க மலாய்ல பேசுவோம், அவங்க இந்தோனேசிய மலாய்ல பதில் சொல்லுவாங்க. முகாம்ல இருந்த கிழவிங்க எங்களைத்தான் கூப்பிட்டுக் குறை சொல்லும்” என்றார். ஆட்சி மொழிகள் தேத்தும், போர்ச்சுகீசியம். ஆசியானில் வேலை மொழி ஆங்கிலம். தெருவில் இந்தோனேசிய மொழியும் புழங்குகிறது. இத்தனை மொழிகளுக்கும் நடுவில் ஓர் அதிகாரியை ஜகார்த்தா கூட்டத்துக்குத் தயார் செய்வது எவ்வளவு பாடு என்று யோசித்துப் பாருங்கள்.

விண்ணப்பத்துக்குப் பிறகு

2008 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஆசியான் சாசனத்தின் 6ஆவது பிரிவு நாலு நிபந்தனை போடுகிறது. தென்கிழக்காசியாவில் இருக்க வேண்டும், எல்லா உறுப்பினர்களும் அந்த நாட்டை அங்கீகரித்திருக்க வேண்டும், சாசனத்துக்குக் கட்டுப்பட வேண்டும், உறுப்பினரின் கடமைகளைச் செய்யும் திறனும் விருப்பமும் இருக்க வேண்டும். முதல் மூன்றில் தீமோருக்குச் சிக்கலே இல்லை. நாலாவதில்தான் 14 ஆண்டுகள் போயின, ஏனென்றால் “திறன்” என்பதற்கு அளவுகோல் எங்கேயும் எழுதப்படவில்லை.

2011இல் இந்தோனேசியா தலைமையில் இருந்தபோது விண்ணப்பம் போனது, அதை ஆராய ஒரு பணிக்குழு அமைத்தார்கள். அரசியல், பொருளாதாரம், சமூகம் என்று மூன்று தூண்களுக்கும் ஆய்வுகள். பிறகு உண்மை அறியும் குழுக்கள்: அரசியல் பாதுகாப்புக் குழு டிலிக்குப் போனது 2019இல், மற்ற இரண்டும் 2022இல்தான். நடுவில் பெருந்தொற்று வந்தது என்பது ஒரு காரணம், ஆனால் 2011க்கும் 2019க்கும் நடுவில் எந்தத் தொற்றும் இல்லையே.

தயக்கத்தை ஓரளவு வெளிப்படையாகக் காட்டியது சிங்கப்பூர். அவர்கள் வாதத்தையும் சும்மா தள்ளிவிட முடியாது. 2015 முடிவில் ஆசியான் பொருளாதாரச் சமூகத்தை அறிவிக்கப் போகிறோம், கம்போடியா, லாவோஸ், மியன்மாரையே இன்னும் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறோம், இப்போது எண்ணெய், எரிவாயு வருமானத்தைத் தவிர வேறு பிழைப்பில்லாத ஒரு நாட்டையும் சேர்த்தால் வேகம் குறையும் என்பது. இன்னொன்று, ஆசியான் செயலகத்தின் செலவுக்கு எல்லா நாடும் ஒரே தொகை கட்ட வேண்டும். நம் ஊரில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து போடும் கூட்டுபோல: முதலாளியும் அதே பணம், தோட்டத் தொழிலாளியும் அதே பணம். இந்தோனேசியா கட்டுவதைத் தீமோரும் கட்ட வேண்டும். அதற்கு மேல் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் அதிகம் என்று பொதுவாகச் சொல்லப்படும் கூட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் விமான டிக்கெட், ஆங்கிலத்தில் கோப்பு படிக்கத் தெரிந்த ஆள்.

சரி, ஆனால் இந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. 1997இல் லாவோஸையும் மியன்மாரையும் ஒரே நாளில் சேர்த்தபோது யாரும் இப்படித் திறன் கணக்குப் பார்க்கவில்லை. மியன்மாரில் அப்போது ராணுவ ஆட்சி, மேற்கு நாடுகள் வேண்டாம் என்று சத்தம் போட்டும் சேர்த்தார்கள், காரணம் அந்த நாட்டைச் சீனாவின் கையில் முழுதாக விடக் கூடாது என்ற கவலை. இப்போது தீமோரைப் பாருங்கள். வாசலில் நிற்க வைத்த காலத்தில் டிலியில் அதிபர் மாளிகையையும் வெளியுறவு அமைச்சையும் கட்டிக் கொடுத்தது சீனா. 2023 செப்டம்பரில் இரு நாடுகளும் தங்கள் உறவை விரிவான வியூகப் பங்காளித்துவமாக உயர்த்திக்கொண்டன. உறுப்பினராகாத அண்டை நாடு சும்மா உட்கார்ந்திருக்காது. ஆசியான் தலைநகரங்களில் ஒவ்வொன்றாகத் தூதரகம் திறந்தது, போர்ச்சுகீசிய மொழி நாடுகளின் அமைப்பில் இருந்தது, பசிபிக் தீவுகள் மன்றத்தில் ஒரு கால் வைத்தது, 2024 ஆகஸ்டில் உலக வணிக அமைப்பிலேயே சேர்ந்துவிட்டது. 160க்கும் மேற்பட்ட நாடுகளின் வணிக விதிகளுக்குள் நுழைய முடிந்த நாட்டுக்கு, பத்து நாட்டுக் கூட்டமைப்பில் திறன் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்ததுதான் இதில் வேடிக்கை.

2022 நவம்பரில் ப்னோம் பென் மாநாட்டில் “கொள்கை அளவில்” சம்மதம் வந்தது. அன்றிலிருந்து எல்லாக் கூட்டங்களிலும், தலைவர்கள் மாநாடு உட்பட, பார்வையாளராக உட்காரலாம். 2023 மேயில் இந்தோனேசியாவின் லாபுவான் பாஜோவில் என்னென்ன ஒப்பந்தங்களில் சேர வேண்டும், எந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று ஒரு வழிப்பட்டியல் கொடுத்தார்கள். இதை 2012இலேயே கொடுத்திருக்கலாம் என்பது என் கருத்து. எதைச் செய்தால் உள்ளே வரலாம் என்று எழுதிக் கொடுக்காமல் பத்து ஆண்டுகளுக்கு மேல் “தயாராகு, தயாராகு” என்பது உறவு வளர்க்கும் முறையே இல்லை. எழுதிக் கொடுத்த பிறகு இரண்டரை ஆண்டுகளில் வேலை முடிந்துவிட்டது, கவனியுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு நேர் எதிர். அங்கே எல்லாம் தாளில் இருக்கும்: 1993 கோபன்ஹேகன் நிபந்தனைகள், 35 அத்தியாயங்கள், ஒவ்வொன்றுக்கும் தேர்வு. உறுப்பினராக்க விரும்பாத அண்டை நாடுகளுக்கென்றே 2004இல் தனிக் கொள்கை, 2009இல் பிராக் நகரில் உக்ரைன், மோல்டோவா, ஜார்ஜியா உட்பட ஆறு நாடுகளோடு கிழக்குப் பங்காளித்துவம். சீர்திருத்தம் செய், சந்தை திறக்கிறேன், பணம் தருகிறேன், ஆனால் உறுப்பினர் பேச்சை எடுக்காதே என்பது அதன் சாரம். 2013 நவம்பரில் உக்ரைன் அதிபர் யானுகோவிச் ஒன்றியத்தோடு செய்யவிருந்த ஒப்பந்தத்தில் கடைசி நேரத்தில் கையெழுத்தை நிறுத்த, கீவ் சதுக்கத்தில் மக்கள் கூடியதும் அதற்குப் பிறகு நடந்ததும் தெரிந்ததுதான். உறுப்பினராகும் வாய்ப்பை உக்ரைனுக்கு 2022இல், போர் தொடங்கிய பிறகுதான் எழுத்தில் கொடுத்தார்கள். ஆக, தாளில் எல்லாம் எழுதி வைத்தாலும், அசைய வைப்பது அரசியல் நெருக்கடிதான். ஆசியானின் முறை மெத்தனமானது, ஆனால் யாரையும் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டுச் சுவரோடு நெருக்கவில்லை. அந்த ஒரு நல்லதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மியன்மார் குறுக்கே வந்தது

2023இல் கதை கெட்டுப்போயிருக்கலாம். மியன்மாரின் ராணுவ ஆட்சிக்கு எதிரான தேசிய ஒற்றுமை அரசின் ஆட்களை டிலி வெளிப்படையாகச் சந்தித்தது. ஆகஸ்டில் மியன்மார் ராணுவம் தீமோரின் தூதரகப் பொறுப்பாளரை நாட்டை விட்டு வெளியேறச் சொன்னது. அதே மாதம் பிரதமர் ஷனானா குஸ்மாவோ, மியன்மார் ராணுவத்தை வழிக்குக் கொண்டுவர முடியாத ஆசியானில் சேரவே மாட்டோம் என்கிற அளவுக்குப் பேசிவிட்டார். பிறகு இறங்கி வந்தார்கள். ஆனால் அவர் பேசியதில் ஒரு நியாயம் உண்டு: 1975 முதல் 1999 வரை தன் நாட்டைப் பற்றி ஆசியான் சொன்ன அதே “உள்விவகாரம்” என்ற சொல்லை இப்போது மியன்மாருக்குச் சொல்கிறார்கள். இந்த மனிதர் விடுதலைப் போராட்டத் தலைவராக இருந்து 1992இல் இந்தோனேசியப் படையிடம் பிடிபட்டு, ஜகார்த்தாவின் சிபினாங் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர். ஆசியான் செயலகம் இருப்பதும் அதே ஜகார்த்தாவில். கோலாலம்பூர் மேடையில் அவர் கண் கலங்கியதை டிவியில் காட்டியபோது, எங்கள் மேசையில் வழக்கமாக எல்லாவற்றையும் கேலி செய்யும் ஒருவர்கூட ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே வந்துவிட்ட பிறகு நிலைமை தலைகீழ். ஆசியானில் முடிவு எடுப்பது ஒருமித்த சம்மதத்தில், வாக்கெடுப்பு கிடையாது. 14 ஆண்டுகள் தீமோரை வெளியே வைத்த விதி இனி தீமோரின் கையிலும் இருக்கிறது. டிலி முகம் சுளித்தால் ஒரு முடிவு நிற்கும். மியன்மார் விஷயத்தில் இதை அவர்கள் எப்போது, எவ்வளவு தூரம் பயன்படுத்துவார்கள் என்பது எனக்குச் சுவாரசியமான கேள்வி. என் ஊகம், முதல் சில ஆண்டுகள் அடக்கி வாசிப்பார்கள். பாயு உண்டான் எரிவாயு வயல் வற்றிவிட்டது, சேமிப்பு நிதியை எடுத்துத்தான் பட்ஜெட் ஓடுகிறது, இளைஞர்கள் வேலை தேடி ஆஸ்திரேலியாவுக்கும் தென்கொரியாவுக்கும் போகிறார்கள். முதலீடு வேண்டிய நேரத்தில் சண்டை பிடிக்க மாட்டார்கள்.

அடுத்து யார்?

நம்மவர்கள் இங்கே கட்டாயம் கேட்கும் ஒன்று இருக்கிறது: இலங்கை ஏன் இதில் இல்லை? 1967 ஆகஸ்ட் 8 அன்று பேங்காக்கில் ஆசியானைத் தொடங்கிக் கையெழுத்துப் போட்ட ஐவரில் சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்தவர். இலங்கையும் ஒரு காலத்தில் சேர ஆர்வம் காட்டியது, நடக்கவில்லை. இன்றைய சாசனப்படி தென்கிழக்காசியா என்ற முதல் நிபந்தனையிலேயே கதவு சாத்திவிடும். பாதுகாப்பு மன்றத்திலும் நட்புறவு ஒப்பந்தத்திலும் 2007 முதல் இருக்கிறது, அதோடு சரி.

உண்மையான அடுத்த வழக்கு பாப்புவா நியூகினி. 1976 முதல் பார்வையாளர், 1989இல் நட்புறவு ஒப்பந்தத்தில் கையெழுத்து. தீமோர் ஒரு நாடாவதற்கு முன்பே வரிசையில் நிற்கிறது. 2025 மே மாதக் கோலாலம்பூர் மாநாட்டில் இந்தோனேசிய அதிபர் பிரபோவோ அதையும் சேர்க்கலாம் என்று பேசினார். அது பசிபிக் நாடு, தென்கிழக்காசியா அல்ல என்பது வழக்கமான மறுப்பு. ஆனால் தீமோர் தீவின் மேற்குப் பாதி இந்தோனேசியா, அதனால் கிழக்குப் பாதி தென்கிழக்காசியாதான் என்று ஒப்புக்கொண்டார்கள் அல்லவா? நியூகினித் தீவின் மேற்குப் பாதியும் இந்தோனேசியாதான். ஆகவே வரைபடத்தை வைத்து இந்தக் கேள்வி தீராது. எல்லைக்கு இந்தோனேசியப் பக்கம் நடக்கும் பாப்புவா பிரிவினைப் போராட்டம் ஜகார்த்தாவுக்கு எவ்வளவு கூச்சமான விஷயம், பாப்புவா நியூகினியை உள்ளே வைத்துக்கொண்டால் அது அடங்குமா கூடுமா என்று இந்தோனேசியா போடும் கணக்கிலும், இன்னொரு ஏழை நாட்டுக்கு இடம் கொடுக்க சிங்கப்பூர் எவ்வளவு நாள் யோசிக்கும் என்பதிலும்தான் அது இருக்கிறது. அண்ணனிடம் இதைச் சொன்னேன். “அப்ப அவங்க விண்ணப்பம் கொடுத்தா நம்ம பேரப்பிள்ளைங்கதான் கையெழுத்தைப் பாக்கணும்” என்றார். நான் அவ்வளவு நாள் ஆகாது என்கிறேன், ஒரு நிபந்தனையோடு: விண்ணப்பம் வந்த அன்றே வழிப்பட்டியலையும் கையில் கொடுத்துவிட வேண்டும்.